சரவாங்கி பிடித்த முழங்கால்: ஊசியா, நுண்துளை அறுவையா, மூட்டு மாற்றா?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்து வீடுகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. ஆச்சிக்கு இரண்டு முழங்காலும் வீங்கிக் கிடக்கின்றன. மதுரையில் ஒரு டாக்டர் மூட்டை மாற்றச் சொல்கிறார். திருச்சியில் இன்னொருவர் “சின்னத் துளை போட்டு உள்ளே சுத்தம் செய்தால் போதும்” என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் ரோபோ அறுவை வீடியோவை அனுப்பிவைக்கிறார். அடுத்த வீட்டு அம்மாள் தன் முழங்காலில் பாதியை மட்டும் மாற்றி இப்போது கோயிலுக்கு நடந்து போகிறார், நமக்கும் அதையே செய்தால் என்ன என்று கேள்வி வருகிறது.

அடுத்த வீட்டு அம்மாளுக்கு வந்தது தேய்மானமாக இருக்கும். முடக்குவாதம், அதாவது நம் ஊரில் சரவாங்கி என்று சொல்லும் நோய், வேறு வகை. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து, நீர் கட்டி, குருத்தெலும்பையும் எலும்பையும் ஓரத்திலிருந்து கறையான் போல அரிக்கிறது. தேய்மானம் பெரும்பாலும் முழங்காலின் ஒரு பக்கத்தில் தொடங்கும். முடக்குவாதமோ உள்பக்கம், வெளிப்பக்கம், முழங்கால் சில்லுக்குப் பின்பக்கம் என மூன்று அறைகளையும் பிடிக்கும். அதனால் தேய்மானத்துக்குச் சரியாக வரும் வழி இங்கே தவறிப்போகலாம்.

முடிவெடுக்கும் முன் நோயின் பெயரை உறுதிசெய்யுங்கள். காலையில் அரைமணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, கை விரல் மூட்டுகளிலும் வீக்கம், ரத்தத்தில் ஆன்ட்டி சிசிபி (முடக்குவாதத்துக்கான சோதனை), ஈஎஸ்ஆர், சிஆர்பி (உடலில் அழற்சியின் அளவைக் காட்டுபவை) ஆகியவை வழி காட்டும். சிக்குன்குனியா வந்துபோன பின் மாதக்கணக்கில் மூட்டு வீங்கிக் கிடப்பதும் உண்டு. அது பலருக்குத் தானாகவே அடங்கும், அவசரப்பட்டுக் கத்தி வைக்க வேண்டாம். ஒரே ஒரு முழங்கால் மட்டும் வீங்கியிருந்தால் நீரை ஊசியில் எடுத்துச் சோதித்தே ஆகவேண்டும். காசநோய், யூரிக் அமிலப் படிகம், சீழ் மூன்றும் இதே முகத்தோடு வரும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது, குருத்தெலும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது. படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரே போதாது. நின்றபடி, இரண்டு முழங்காலையும் சேர்த்து எடுக்கவேண்டும். எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் அரிப்பையும் பார்த்து மருத்துவர்கள் லார்சன் அளவீட்டில் 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். 0, 1, 2 என்றால் மூட்டைக் காப்பாற்றும் சிகிச்சைக்கு இடமுண்டு. 3-க்கு மேல் போனால் அந்த வாய்ப்பு சுருங்கிவிடும். இந்தக் கட்டுரையில் உள்ள மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு எண்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. தழும்பின் நீளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

இரண்டாவது, மருந்து உண்மையிலேயே முயலப்பட்டதா. முடக்குவாதத்தை அடக்கும் முக்கிய மருந்தான மெத்தோட்ரெக்சேட்டைப் போதிய அளவில், பலருக்கு வாரம் 15 முதல் 25 மில்லிகிராம் வரை, மூன்று முதல் ஆறு மாதம் எடுத்துப் பார்த்தார்களா? பலரும் 7.5 மில்லிகிராமில் நிற்கவைக்கப்பட்டு, “மருந்து கேட்கவில்லை” என்று அறுவைக்கு வந்துசேர்கிறார்கள். ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும்: இது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையில் பெரிதாக எழுதிவையுங்கள்.

மூன்றாவது, காலின் வடிவம். முழங்கால் முழுதாக நீள்கிறதா, எத்தனை பாகை மடங்கியே நிற்கிறது, வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிட்டதா, பக்கவாட்டு நாண்கள் தளர்ந்துவிட்டனவா.

நான்காவது, எலும்பும் தோலும் சர்க்கரையும். ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவருக்கு எலும்பு மென்மையாகவும் தோல் தாளாகவும் ஆகிவிடும். மூட்டுவலிக்கு என்று கடையில் பெயரில்லாமல் பொட்டலத்தில் தரும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், திட்டுவாரோ என்று தயங்காதீர்கள்.

ஐந்தாவது, வீடும் கூட இருக்கும் ஆளும். பயிற்சி செய்யவைக்க ஆறு வாரமாவது ஒருவர் கூட இருப்பாரா என்பது அறுவைக் கூடத்தின் தரத்துக்குச் சமமான முக்கியத்துவம் உள்ள கேள்வி.

## மருந்தும் மூட்டு ஊசியும்

துளையே இல்லாத வழி இது. வீங்கிய முழங்காலில் நீரை எடுத்துவிட்டு, ஸ்டீராய்டு ஊசியாக டிரையம்சினோலோன் 40 மில்லிகிராம் அல்லது மெத்தில்பிரெட்னிசோலோன் 80 மில்லிகிராம் போடுவார்கள். ஊசிக்குப் பின் ஒன்றிரண்டு நாள் காலுக்கு முழு ஓய்வு கொடுத்தால் பலன் நீண்டு நிற்கும். அன்றே பேருந்து ஏறி அலைந்தால் அதில் பாதி வீண்.

ஒரே மூட்டுக்கு மூன்று மாதத்துக்குள் மறுபடி போடுவதைத் தவிர்ப்பது வழக்கம். சர்க்கரை நோயாளிக்கு நாலைந்து நாள் சர்க்கரை எகிறும், அதற்குத் தயாராக இருங்கள். மறைந்திருக்கும் செலவு இன்னொன்று: ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்று செய்தால் சீழ் பிடிக்கும் அபாயம் கூடும். அதாவது இன்று போடும் ஊசி, அறுவைத் தேதியைத் தள்ளிப்போடுகிறது.

நோய் ஒட்டுமொத்தமாக அடங்கி, ஒரு முழங்கால் மட்டும் முரண்டு பிடித்தால் இதுதான் முதல் தேர்வு. இரண்டு மூன்று ஊசிக்குப் பின்னும் வீக்கம் திரும்பினால் அதே ஊசியைத் தொடர்வதில் பொருளில்லை. முடக்குவாத நிபுணரிடம் சென்று அடுத்த கட்ட மருந்தைப் பற்றிப் பேசவேண்டும். அடலிமுமாப், எட்டனர்செப்ட் போன்ற உயிரி மருந்துகள் அந்தப் படியில் வருபவை. அவற்றைத் தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோய்க்குச் சோதனை கட்டாயம்.

## நுண்துளை வழியே உட்சவ்வை நீக்குவது

‘சின்னத் துளை ஆப்பரேஷன்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அரை சென்டிமீட்டர் அளவில் துளைகள் போட்டு, ஒன்றில் 4 மில்லிமீட்டர் கேமராவை நுழைத்து, மற்றொன்றின் வழியாகச் சுழலும் கத்தியால் தடித்த சவ்வைச் சுரண்டி உறிஞ்சி எடுப்பார்கள். ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும்.

இதில் தரம் எங்கே மாறுகிறது என்றால், துளைகளின் எண்ணிக்கையில். முன்பக்கம் இரண்டு துளை மட்டும் போட்டால் சில்லுக்கு மேலுள்ள பையையும் முன்பகுதியையும்தான் சுத்தம் செய்யமுடியும். முழங்காலின் பின்பக்க அறைகளில் நோய்ச் சவ்வு அப்படியே தங்கிவிடும், சில மாதங்களில் வீக்கம் திரும்பும். பின்பக்க உள், வெளித் துளைகளும் போட்டு முழுமையாக எடுப்பவர்தான் இந்த வேலையை அறிந்தவர். பின்பக்கத்தில் ரத்தக் குழாயும் நரம்பும் அருகில் ஓடுவதால் அது பழக்கம் வேண்டிய வேலை. விளையாட்டுக் காயத்துக்கு நிறைய ஆர்த்ராஸ்கோப்பி (கேமரா வழி நுண்துளை அறுவை) செய்பவர் எல்லோரும் இதைச் செய்வதில்லை. எனவே டாக்டரிடம் நேராகவே கேட்கலாம்: “பின்பக்கச் சவ்வையும் எடுப்பீர்களா? எத்தனை துளை?”

எடுத்த சவ்வைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. திசுச் சோதனைக்கும் காசநோய்ச் சோதனைக்கும் அனுப்பவேண்டும். முடக்குவாதம் என்று நினைத்தது வேறாக இருந்தால் அங்கேதான் வெளிப்படும்.

யாருக்குப் பொருந்தும்? மருந்தைச் சரியாக எடுத்தும் ஆறு மாதத்துக்கு மேல் வீக்கம் நிற்பவர், எக்ஸ்ரேயில் லார்சன் 2-க்குள் இருப்பவர், கால் நேராக இருப்பவர். இப்படிப்பட்டவருக்கு வீக்கமும் வலியும் நன்றாகக் குறையும், சில ஆண்டுகள் நிம்மதி கிடைக்கும். ஆனால் இந்த அறுவை நோயைக் குணமாக்குவதில்லை. சவ்வு மறுபடி வளரும். மருந்தை நிறுத்தினால் இன்னும் சீக்கிரம் வளரும். “ஆப்பரேஷன் ஆயிற்று, இனி மாத்திரை எதற்கு” என்று நிறுத்துவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

குருத்தெலும்பு போய், எலும்பும் எலும்பும் உரசத் தொடங்கிவிட்டவருக்கு இதைச் செய்வது பணத்தை வீணாக்குவது. மூட்டுக்குள் நீர் விட்டுக் கழுவுவதும் அப்படியே. வலி திரும்பும், ஆறு மாதம் கழித்து மூட்டு மாற்றுக்கே வந்து நிற்கவேண்டிவரும்.

துளை சின்னதாக இருப்பதால் பின்வேலையும் சின்னது என்று எண்ணவேண்டாம். உள்ளே சுரண்டப்பட்ட பரப்பு பெரிது. முதல் நாள் ரத்தம் கட்டி முழங்கால் புடைக்கலாம். அதற்காக இறுக்கக் கட்டும், 15 முதல் 20 நிமிட ஐஸ் ஒத்தடமும், சிலருக்கு ஒரு நாள் வடிகுழாயும் வைப்பார்கள். வலிக்குப் பயந்து மடக்காமல் இருந்தால் உள்ளே ஒட்டிக்கொண்டு முழங்கால் விறைத்துப்போகும். முதல் நாளிலிருந்தே குதிகாலைப் படுக்கையில் இழுத்து மடக்குவது, தொடைத் தசையை இறுக்கி விடுவது இரண்டையும் மணிக்கொரு முறை செய்யவேண்டும். இரண்டு வாரத்தில் 90 பாகை மடங்கவில்லை என்றால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். உட்கார்ந்த வேலைக்கு இரண்டு மூன்று வாரத்தில் திரும்பலாம். கடையில் நின்று வேலை செய்பவருக்கு ஆறு வாரம்.

## கதிர்மருந்து ஊசி

யிட்ரியம்-90 என்ற கதிரியக்க மருந்தை முழங்காலுக்குள் செலுத்தி உட்சவ்வைக் கருகவைக்கும் முறை இது. கத்தியே இல்லை. ஊசிக்குப் பின் இரண்டு மூன்று நாள் காலை அசைக்காமல் கட்டிவைக்கவேண்டும், பலன் தெரிய வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். அணு மருத்துவத் துறை உள்ள பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே செய்யமுடியும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் கூடாது. மயக்கமருந்து தாங்கமுடியாத, குருத்தெலும்பு மிஞ்சியிருக்கும் வயதானவருக்கு யோசிக்கத்தக்கது.

## பாதி மூட்டு மாற்று

சின்னக் கீறல், சீக்கிரம் வீடு, இயல்பான நடை. தேய்மானத்துக்கு அருமையான அறுவை. முடக்குவாதத்துக்கு வேண்டாம். ஒரு அறையை மாற்றினால் மீதி இரண்டு அறைகளை அதே நோய் அரித்துக்கொண்டே இருக்கும், பின்னர் முழுவதையும் மாற்றவேண்டிவரும். காலைச் சீராக்க எலும்பை வெட்டி நிமிர்த்தும் அறுவைக்கும் இதே பதில்தான்.

## முழு மூட்டு மாற்று: சிறு கீறலா, வழக்கமான கீறலா

லார்சன் 4, 5 என்று போய்விட்ட முழங்காலுக்கு உறுதியாக வலி நீக்குவது இது ஒன்றே. கேள்வி, எந்த வழியில் என்பது.

வழக்கமான முறையில் தோல் கீறல் 15 முதல் 20 சென்டிமீட்டர். தொடைத் தசையின் நாணைப் பிளந்து திறந்து சில்லை ஒதுக்குவார்கள். சிறு கீறல் முறையில் 10 முதல் 14 சென்டிமீட்டர். தசைநாணைப் பிளக்காமல், தசைக்கு அடியிலோ நடுவிலோ புகுவார்கள். இதனால் முதல் சில வாரங்களில் வலி சற்றுக் குறைவு, காலை நேராகத் தூக்குவது சீக்கிரம் வரும். ஆறு மாதம், ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிறு கீறலில் நேரம் கூடுதலாகும், உள்ளே பார்வை குறைவதால் உறுப்பு சற்றுக் கோணலாகப் பொருந்தும் அபாயமும் உண்டு. கோணலாகப் பொருந்தியது முன்கூட்டியே தளரும்.

முடக்குவாத முழங்காலில் இந்தக் கணக்கு இன்னும் மாறுகிறது. சின்ன ஜன்னல் வழியே வேலை செய்ய, தோலையும் எலும்பையும் கொக்கிகளால் பலமாக இழுக்கவேண்டும். மென்மையான எலும்பு நொறுங்கலாம், தாள் போன்ற தோலின் ஓரம் கருகலாம். மடங்கியே நிற்கும் முழங்காலை நீட்டவும், வெளிச்சாய்வைச் சீராக்கவும், தளர்ந்த நாண்களைச் சமன்செய்யவும் இடம் வேண்டும். அதனால் எங்கள் கருத்து ஒளிவுமறைவின்றி இது: கால் நேராக, எலும்பு உறுதியாக, உடல் மெலிந்து, ஸ்டீராய்டு இல்லாதிருந்தால் சிறு கீறலைக் கேட்கலாம். மற்ற எல்லா முடக்குவாத முழங்காலுக்கும் ஐந்து சென்டிமீட்டர் கூடுதல் தழும்பை மனமுவந்து ஏற்றுக்கொள்வதே நல்லது.

ரோபோ என்பது எலும்பை வெட்டும் அளவைத் துல்லியமாக்கும் கருவி. அதனால் கீறல் தானாகச் சிறிதாகிவிடாது. அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. அந்தப் பணத்தை இரண்டு மாத பிசியோதெரப்பிக்கும் வீட்டைச் சீராக்கவும் செலவிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பலன் அதிகம்.

முடக்குவாதத்தில் சில்லின் பின்பக்கத்தையும் மாற்றுவதே பொதுவாக நல்லது. இல்லாவிட்டால் முன்முழங்கால் வலி மிஞ்சும். சில்லையும் மாற்றுவார்களா என்று முன்பே கேளுங்கள். இரண்டு முழங்காலும் மடங்கிப்போனவருக்கு ஒன்றை மட்டும் நிமிர்த்தினால், மற்றக் காலின் உயரத்துக்கு இது மறுபடி மடங்கும். இதயமும் நுரையீரலும் நன்றாக இருந்தால் ஒரே சேர்க்கையில் இரண்டையும் செய்வதற்கு இது நியாயமான காரணம். இடுப்பு மூட்டும் கெட்டிருந்தால் பெரும்பாலும் இடுப்பு முதலில், முழங்கால் பிறகு.

பணத்தைப் பற்றி. உள்ளே வைக்கும் உறுப்புக்குத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தது. அப்போது சாதாரண கோபால்ட் குரோமிய வகைக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய், டைட்டானியம் வகைக்கு 76,600 ரூபாய். பில்லில் உறுப்பின் விலையைத் தனியாக எழுதித் தரச் சொல்லி, இன்றைய வரம்போடு ஒப்பிடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வரம்பு உண்டு. நீங்கள் போகும் மருத்துவமனையும் உங்கள் அறுவையும் அந்தப் பட்டியலில் உள்ளனவா என்பதை, படுக்கையில் சேருமுன் அங்குள்ள காப்பீட்டு மேசையில் உறுதிசெய்யுங்கள்.

| | மூட்டு ஊசி | நுண்துளை சவ்வு நீக்கம் | சிறு கீறல் முழு மாற்று | வழக்கமான முழு மாற்று |
|---|---|---|---|---|
| பொருந்தும் லார்சன் நிலை | 0–2, வலி தணிக்க 3-ம் | 0–2 | 4–5, கால் நேராக இருந்தால் | 4–5, கோணலானாலும் |
| தோல் கீறல் | ஊசித் துளை | அரை செ.மீ. துளைகள் | 10–14 செ.மீ. | 15–20 செ.மீ. |
| ஊன்றி நடப்பது | 1–2 நாள் ஓய்வுக்குப் பின் | அன்றோ மறுநாளோ | மறுநாள் | மறுநாள் |
| பலன் நிற்கும் காலம் | வாரங்கள், மாதங்கள் | சில ஆண்டுகள் | பொதுவாக 15–20 ஆண்டு | பொதுவாக 15–20 ஆண்டு |
| பெரிய அபாயம் | சர்க்கரை ஏற்றம் | விறைப்பு, வீக்கம் திரும்புதல் | கோணல் பொருத்தம், எலும்பு முறிவு | சீழ், ரத்தக்கட்டி |
| கண்ணில் படாத செலவு | அறுவைத் தேதி தள்ளும் | பின்னாளில் மூட்டு மாற்று | கூடுதல் அறுவை நேரம் | நீண்ட பயிற்சி, ஆள் துணை |

லார்சன் 3-இல் நிற்பவர்தான் உண்மையில் இழுபறியில் இருப்பவர். அறுபதைத் தாண்டி, வலியால் இரவுத் தூக்கம் கெட்டால் மாற்று அறுவை. நாற்பதுக்குள் இருந்தால், மருந்தை உச்சமாக்கி, தேவையானால் சவ்வு நீக்கம் செய்து சில ஆண்டுகளை வாங்குவது தகும். அது தற்காலிகம் என்று தெரிந்தே செய்யவேண்டும்.

## அறுவைக்கு முன் மருந்துகளை என்ன செய்வது

மூட்டு மாற்றுக்காக முடக்குவாத மாத்திரைகளை எல்லாம் நிறுத்தச் சொல்வது பழைய பழக்கம். மெத்தோட்ரெக்சேட், சல்ஃபாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின், லெஃப்ளுனமைடு ஆகியவற்றைத் தொடரலாம். நிறுத்தினால் நோய் சீறி, பயிற்சி செய்யமுடியாமல் போகும். உயிரி மருந்துகளை ஒரு சுற்று விடவேண்டும்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் அடலிமுமாப் என்றால் ஒரு ஊசியைத் தவிர்த்து மூன்றாம் வாரத்தில் அறுவை. டோஃபாசிட்டினிப் என்ற புதுவகை முடக்குவாத மாத்திரையை மூன்று நாள் முன்பு நிறுத்துவார்கள். காயம் ஆறி, தையல் பிரித்து, ஏறத்தாழ 14 நாளுக்குப் பின் மறுபடி தொடங்கலாம். தினசரி ஸ்டீராய்டு எடுப்பவர் அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. இதையெல்லாம் முடக்குவாத நிபுணரும் எலும்பு மருத்துவரும் பேசி எழுத்தில் தரட்டும்.

பல ஆண்டு முடக்குவாதம் உள்ளவருக்குக் கழுத்து எலும்பின் மேற்பகுதி தளர்ந்திருக்கக்கூடும். மயக்கமருந்துக்காகக் கழுத்தைச் சாய்க்கும்போது தண்டுவடம் நசுங்கும் ஆபத்து. கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரே இல்லாமல் மேசையில் ஏறாதீர்கள். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, பித்தவெடிப்புப் புண் மூன்றையும் முன்பே ஆற்றிவிடுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) 8-க்குக் கீழே வரட்டும்.

## செட்டிநாட்டு வீட்டில் ஆறு வாரம்

திண்ணைக்கு ஏறும் படிகள், குனிந்து தாண்டும் நிலைப்படிகள், முற்றத்தைக் கடந்து கொல்லைப்புறத்தில் குளியலறை. நம் வீடுகளின் அமைப்பு புதிய முழங்காலுக்குக் கடினமானது. ஆத்தங்குடித் தரையில் எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கும் வேலையை அந்த நாட்களில் நிறுத்துங்கள். ஈரமும் எண்ணெயும் சேர்ந்தால் வாக்கர் வழுக்கும். படுக்கையைக் கழிவறைக்கு அருகிலுள்ள கீழ்த்தள அறைக்கு மாற்றி, மேற்கத்திய கழிவறை இல்லையென்றால் கமோடு நாற்காலி வாங்குங்கள்.

கை விரல்கள் முடங்கியவரால் சாதாரண வாக்கரைப் பிடிக்கமுடியாது. முன்கையை வைத்து ஊன்றும் தட்டுள்ள வாக்கரை அறுவைக்கு முன்பே ஏற்பாடு செய்யவேண்டும். இதைப் பலர் அறுவைக்குப் பிறகுதான் நினைக்கிறார்கள்.

மதுரையோ திருச்சியோ, காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கார் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி உட்காரவைத்து, நடுவழியில் ஒருமுறை நிறுத்தி எழுப்பி நிற்கவையுங்கள். வழி நெடுகக் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், ரத்தம் கட்டாது. வாரம் மூன்று முறை அவ்வளவு தூரம் பயிற்சிக்குப் போகமுடியாது. ஊரிலேயே ஒரு பிசியோதெரப்பிஸ்டைப் பேசிவைத்துவிட்டு, பிறகு தேதி குறியுங்கள்.

படுத்திருக்கும்போது முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்காதீர்கள். சுகமாக இருக்கும், ஆனால் மடங்கியே நின்றுவிடும். தலையணை கணுக்காலுக்குக் கீழேதான். மூட்டு மாற்றியவர் தரையில் சம்மணமிட்டு உட்காருவதை விட்டுவிடவேண்டும், பந்தியிலும் கோயிலிலும் நாற்காலிதான். குன்றக்குடிப் படி ஏறுவது மூன்று மாதத்துக்குப் பின், கைப்பிடியைப் பிடித்து, டாக்டர் சரி என்றால் மட்டும். பழநி பாதயாத்திரையை அறுவைக்குப் பின் வரும் முதல் தையில் திட்டமிடவேண்டாம்.

காயத்திலிருந்து ஐந்தாறு நாளுக்குப் பிறகும் நீர் கசிந்தால், காய்ச்சலோடு முழங்கால் சிவந்து கொதித்தால், கெண்டைக்கால் ஒருபக்கமாக வீங்கி வலித்தால், மூச்சு திணறினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். முடக்குவாத மருந்தும் ஸ்டீராய்டும் காய்ச்சலை மறைக்கும் என்பதால், காய்ச்சல் இல்லை என்று காத்திருக்கவேண்டாம். கசிவை நிறுத்த உள்ளூர்க் கடையில் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் சீழின் கிருமி எது என்று பின்னர் கண்டுபிடிக்கமுடியாமல் போகும். அறுவை செய்தவரிடமே முதலில் காட்டுங்கள்.